எட்டாவது நாற்காலி

இந்த டியூபைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பயப்படாதீர்கள், அழுக்கு ஒட்டாது, புதுசு. சைக்கிள் டியூப் மாதிரி தெரிகிறதா? இல்லை, சக்கர நாற்காலி டியூப். என் மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை என்றால் மகளைக் கட்டியவர் இல்லை, தங்கச்சியைக் கட்டியவர். தங்கச்சி என்றால்... அது பெரிய கதை. நான் வேப்பங்குளம் விலக்கில் இறங்க வேண்டும், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஜன்னலோரம் வேண்டுமா உங்களுக்கு? வேண்டாமா? நல்லது. கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.

போன வருசம் ஆடி மாசம் வரைக்கும் அந்தத் தங்கச்சியை நான் கண்ணால் கண்டதில்லை. ஒரே வயிற்றில் பிறக்கவில்லை, ஒரே ஊரில் பிறக்கவில்லை. இன்றைக்கு அவள் வீட்டில் கூட்டம். அந்தக் கூட்டத்தில் என் தலை உருளப் போகிறது.  

என் பெயர் ஆவுடையப்பன். என்ன வேலை பார்த்தேன் என்று கேட்பீர்கள். அது கேட்கிற ஆளைப் பொறுத்தது. ஆஸ்பத்திரி டாக்டரிடம் சர்க்கஸில் சிங்கத்துக்குக் கறி வெட்டினேன் என்று சொல்லியிருக்கிறேன். நர்சம்மாவிடம் ரங்கூன் கப்பலில் தலைமைச் சமையல்காரன். தங்கச்சி வீட்டிலும் கப்பல்தான். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம், நீங்கள் எனக்கு முன்னாலேயே இறங்கிவிடுவீர்கள். முப்பத்தோரு வருசம் தீப்பெட்டி ஆபீசில் வாட்ச்மேன். கேட்டைத் திறப்பேன், கேட்டைச் சாத்துவேன். நடுவில் பொய் சொல்வேன். வாட்ச்மேன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்கிறீர்களா? எட்டு மணிக்குச் சங்கு ஊதினால் கேட்டைச் சாத்திவிட வேண்டும், சட்டம். ஒரு சின்னப் பிள்ளை, பாவாடை தாவணி, தினம் பத்து நிமிசம் பிந்தி ஓடி வரும். வீட்டில் தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி வைத்துவிட்டு வர வேண்டும் போல. "வாட்ச்மேன் அண்ணே, வாட்ச்மேன் அண்ணே" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேனேஜரிடம் ஒருநாள் கேட்டில் பாம்பு என்பேன். ஒருநாள் பூட்டு கர்ப்பமாக இருக்கிறது, சாவி போக மறுக்கிறது என்பேன். கடைசியில் ஆபீஸ் கடிகாரத்தையே பத்து நிமிசம் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். மூன்று வருசம் அந்த ஆபீஸ் மட்டும் ஊரைவிடப் பத்து நிமிசம் பிந்தித்தான் ஓடியது. அந்தப் பிள்ளை முகம்கூட நினைவில் இல்லை. ஆயிரம் பேர் போகிற வழி.

சரி, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

மாசம் ஒரு தரம் சர்க்கரை மாத்திரைக்குப் போவேன். தர்ம ஆஸ்பத்திரி, டோக்கன் போட்டால் மத்தியானம் ஆகிவிடும். என் சர்க்கரை சாதாரணச் சர்க்கரை இல்லை. நான் ஒதுங்கின இடத்தில் எறும்பு வரிசையாக வந்து நிற்கும். அந்த வரிசையைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் டோக்கன் முறையே கொண்டு வந்தார்கள். சிரிக்காதீர்கள், காலை மிதிக்கிறீர்கள். இடது கால். அதில் ஒரு புண் இருந்தது.

அங்கே ஜெபக்கனி என்று ஒரு கவுன்சிலிங் மேடம். சின்னப் பெண். நோயாளி குடும்பத்தோடு பேசுவதுதான் அவள் வேலை. என்னிடமும் பேசுவாள். "வீட்ல யாரு தாத்தா இருக்கா?" என்று மாசா மாசம் கேட்பாள். ஆறு மகன், ஆறு பேரும் சிங்கப்பூரில் என்பேன். போன மாசம் அஞ்சுன்னீங்களே என்பாள். இந்த மாசம் ஒன்று பிறந்தது என்பேன். அப்படியே நம்பி நோட்டில் எழுதிக்கொள்வாள். படித்த பிள்ளைகளை ஏமாற்றுவது ரொம்ப லேசு, தம்பி.

அன்றைக்கு வெக்கை தாங்கவில்லை. வராந்தாவில் காத்தாடி இல்லை. ஜெபக்கனி வந்து, "தாத்தா, அந்த ரூம்ல போய் உக்காருங்க. காத்தாடிக்குக் கீழ ஒரு நாற்காலி கிடக்கும் பாருங்க, அதுல" என்றாள். போனேன். வட்டமாக எட்டு நாற்காலி போட்டிருந்தது. காத்தாடிக்குக் கீழே இருந்ததில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். பாவம், அந்த அறையில் கூட்டம் இருப்பதையே அவள் மறந்துவிட்டாள்.

கண்ணைத் திறந்தால் என்னைச் சுற்றிச் சபை கூடியிருக்கிறது. டாக்டர், நர்சம்மா, பிசியோ தம்பி, ஜெபக்கனி. இந்தப் பக்கம் ஒரு பொம்பளை, பேர் முத்துச்செல்வி. பக்கத்தில் அவள் மகள் பொன்மாரி, பதிமூணு வயசு இருக்கும், கையில் ஒரு நோட்டு. அப்புறம் மீசை வைத்த ஆள், பால்ராஜ். முத்துச்செல்விக்கு மூத்த கொழுந்தன். எண்ணிப் பாருங்கள், ஏழு பேர். முத்துச்செல்வி புருசன் தர்மராஜ், வெள்ளையடிக்கச் சாரத்தில் ஏறி விழுந்தவர், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, தள்ளுகட்டிலில் படுத்திருக்கிறார். அவருக்கு நாற்காலி தேவையில்லை. ஏழு பேருக்கு எட்டு நாற்காலி. ஜெபக்கனிக்குக் கணக்கு கொஞ்சம் மட்டு.

குடும்பத்தார் என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் குடும்பத்து ஆள் என்று நினைத்திருப்பார்கள். எழுந்து போகலாம் என்றால் காத்தாடி அப்போதுதான் வேகம் பிடிக்கிறது. இருந்துவிட்டேன்.

டாக்டர் ஆரம்பித்தார். "நாங்க முடிவு சொல்லப் போறதில்ல. நாம எல்லாரும் கூடிப் பேசி, சேர்ந்து முடிவெடுக்கப் போறோம்."

பால்ராஜுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "முடிவு எங்களுக்கே தெரிஞ்சா நாங்க ஏன் சார் பஸ் ஏறி வாறோம்? உங்களுக்குத் தெரியலைன்னா சொல்லிருங்க, வேற டாக்டரப் பார்த்துக்கிடுதோம்."

விசயம் இதுதான். மலையடிவாரத்தில் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே மூன்று மாசம் இருந்தால் தர்மராஜ் தானாகப் புரண்டு படுக்க, சக்கர நாற்காலியில் ஏற இறங்கப் பழகிக்கொள்வார். போகாவிட்டால்? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிப் புழு வைக்கும். முத்துச்செல்வி தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால்தான் அடுப்பெரியும். அப்போ யார் திருப்பிப் போடுவது? பொன்மாரி. எட்டாம் வகுப்பு பாதியிலேயே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். ஏழு மாசம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் பேரை அடிக்கப் போகிறார்கள்.

எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் தர்மராஜ் மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். முத்துச்செல்வி கொழுந்தன் முகத்தைப் பார்க்கிறாள். பால்ராஜ் மீசையைத் தடவுகிறார்.

பிசியோ தம்பி ஒரு மஞ்சள் ரப்பர் பந்தை எடுத்தார். கைக்கு வலுவேற அமுக்குகிற பந்து. யார் கையில் பந்து இருக்கிறதோ அவர் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும், அதுதான் அங்கே முறையாம். நல்ல முறைதான். ஆனால் முதலில் பால்ராஜ் கையில் கொடுத்துவிட்டார்கள். இருபது நிமிசம் பந்து திரும்பி வரவில்லை.

"எந்தம்பிய எந்தோள்ல தூக்கி வளத்தேன். அவன விடுதியில கொண்டு தள்ளிட்டான் அண்ணன்காரன்னு நாளைக்கு ஊரு பேசும். பேசுமா, பேசாதா? அதுவும் போக, இது பொம்பளப்புள்ள படிப்பு சம்பந்தப்பட்ட காரியம். தாய்மாமன் இல்லாத சபையில பொம்பளப்புள்ள காரியத்தப் பேசக்கூடாது. போன கூட்டத்துலயும் சொன்னேன், அதுக்கு முந்தின கூட்டத்துலயும் சொன்னேன். அவ மாமன் வெயிலுமுத்து பூனாவுல முறுக்குக் கடை வச்சிருக்கான். பதினஞ்சு வருசமா எட்டிப் பார்க்கல. அவன் வரட்டும். அதுவரைக்கும் அந்த நாற்காலி காலியாத்தான் கிடக்கும்."

என்று சொல்லிக் கையை நீட்டிக் காட்டினார். எந்த நாற்காலியை? நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை.

அப்போதுதான் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீரு யாருவே?" என்றார் பால்ராஜ்.

தம்பி, என் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் எப்போதுமே ஒரு பத்து நிமிச வித்தியாசம் உண்டு. "யாரா? தாய்மாமனைப் பார்த்தா யாருன்னு கேக்குறீரு?" என்று சொல்லிவிட்டேன்.

 எனக்கு வியர்த்துவிட்டது, காத்தாடிக்குக் கீழேயே. முத்துச்செல்வி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். போச்சு, மானம் போச்சு என்று நினைக்கிறேன், அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்கண்ணே" என்றாள். "எங்க ஒண்ணுவிட்ட அண்ணன்."

ஏன் அப்படிச் சொன்னாள்? என் முகராசி. கப்பல்காரன் களை.

ஜெபக்கனி தலையை நிமிர்த்தவேயில்லை. "தாய்மாமன் ஆவுடையப்பன், ஆஜர்" என்று எழுதிக்கொண்டாள். அதுவரைக்கும் தாத்தா என்று கூப்பிட்டவள் அன்றிலிருந்து ஐயா என்கிறாள். என் பேர் எப்படித் தெரியும் என்கிறீர்களா? நல்ல ஆளய்யா நீங்கள், மாசா மாசம் மாத்திரை நோட்டில் எழுதுகிறவள் அவள்தானே. அப்போ கண்டுபிடித்திருக்க மாட்டாளா என்கிறீர்களா? மாட்டாள். நோட்டு வேறே, கூட்டம் வேறே.

பால்ராஜ் விடவில்லை. "கல்யாணத்துல உம்மப் பார்த்த ஞாபகம் இல்லையே?"

இங்கேதான் கவனிக்க வேண்டும். சொந்தக்காரன் என்று நிரூபிக்க வம்சாவளி தெரிய வேண்டியதில்லை, ஊர் பேர் தெரிய வேண்டியதில்லை. கோபம் வந்தால் போதும். நம்மில் கோபித்துக்கொள்ளாத சொந்தக்காரன் எவனாவது உண்டா? நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"எப்படிவே பார்த்திருப்பீரு? பத்திரிகையில எம் பேரு இருந்துச்சா?"

பால்ராஜ் முகம் செத்துவிட்டது. ஏனென்றால் கல்யாணப் பத்திரிகை அடித்தது அவர். வெயிலுமுத்து பூனாவுக்குப் போனதே அதனால்தானாம். அவன் பேரை நாட்டாமை பேருக்குக் கீழே போட்டுவிட்டார்களாம். இது எனக்கு அப்போது தெரியாது. இருட்டில் கல்லெறிந்தேன், மாங்காய் விழுந்தது.

"அது... அச்சாபீசுல இடம் பத்தல மச்சான்" என்றார். மச்சான்! பார்த்தீர்களா?

"இடம் பத்தலையா? மண்டபத்துக்கு வழி போட்டிருந்தீரே படத்தோட, அதுக்கு இடம் இருந்துச்சுல்லா?"

"தப்புதான் மச்சான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். பந்து என் கைக்கு வந்தது. இப்போது எட்டுப் பேரும் என்னைப் பார்க்கிறார்கள். தள்ளுகட்டிலில் கிடந்தவரும் தலையைத் திருப்பிவிட்டார். என்ன சொல்ல? எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வேண்டியதெல்லாம் மாத்திரையும் மத்தியானச் சோறும். தெரியாதவன் என்ன செய்ய வேண்டும்? அடுத்தவன் தலையில் கட்ட வேண்டும். பந்தைப் பொன்மாரி மடியில் போட்டேன். "நீ சொல்லு தாயி."

டாக்டர் பட்டென்று நிமிர்ந்தார். மூன்று கூட்டமாக அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லையாம்.

அவள் பந்தைத் தொடவில்லை. நோட்டை விரித்தாள். ஆறு மணி இடது பக்கம், எட்டு மணி வலது பக்கம், பத்து மணி இடது. தேதி வாரியாக ஏழு மாசம். ஒரு வரி விடுதல் இல்லை. கணக்கு நோட்டு, தம்பி, முதல் நாலு பக்கம் அல்ஜீப்ரா, அஞ்சாம் பக்கத்திலிருந்து அப்பா.

"நான் ஸ்கூலுக்குப் போனா அப்பாவ யாரு மாமா திருப்பிப் போடுவா?" என்றாள்.

என்னைக் கேட்டாள். மாமா என்று.

நான் பதில் சொல்வதற்குள் தர்மராஜ் கையை நீட்டினார். கை நல்ல கை, வெள்ளையடித்த கை. பொன்மாரி பந்தைக் கொடுத்தாள். பேசப் போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மனுசன் அந்தப் பந்தை வீசினார் பாருங்கள், நேரே அண்ணன் மீசையில்.

"போறேன்ல்லா! எத்தன நாளா உம்மூஞ்சியப் பார்த்துக்கிட்டுக் கெடக்கேன், ஒரு வார்த்த கேட்டியா என்கிட்ட?"

பால்ராஜ் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அடி பலம் இல்லை, ரப்பர்தான். "நீ போ ராசா. ஊரு என்ன சொல்லும்னுதாம்ல..."

அங்கேதான் திரும்பவும் முட்டிக்கொண்டது. ஊர். டாக்டரால் ஊருக்கு மருந்து எழுத முடியாது. ஜெபக்கனி மெதுவாக, "ஐயா, தாய்மாமன் முறையில நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள்.

கேட்டேன்: "மாப்ளைக்குத் தலைதீபாவளி அழைச்சாச்சா?"

யார் அழைத்தது? அழைக்க வேண்டிய மச்சான் பூனாவில் முறுக்குப் பிழிகிறான். பதினைந்து வருசமாகத் தலைதீபாவளியே நடக்கவில்லை. "அப்ப நான் அழைக்கேன்" என்றேன். "விடுதிக்கு அனுப்புறது இல்ல. மச்சான் வந்து மாப்ளைய விருந்துக்குக் கூட்டிட்டுப் போறான், மூணு மாசம். ஊரு கேட்டா அப்படிச் சொல்லும். எவன் குத்தம் சொல்லுவான்?" நர்சம்மா கைப்பையில் வெற்றிலை இருந்தது, நல்லவேளை. தட்டு இல்லை. பிரஷர் மெஷின் டப்பா மூடியில் வைத்து, தள்ளுகட்டில் முன்னால் நின்று, மாப்ளே வாங்க என்று அழைத்தேன். பால்ராஜ் மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தர்மராஜ் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், பொன்மாரி உள்பட. நானும் போட்டேன். ஜெயித்துவிட்டேன், சோற்றுக்குப் போகலாம் என்று துண்டை உதறுகிறேன்.

"ஒரு சின்ன விசயம்" என்றாள் ஜெபக்கனி. "அங்க கூட ஒருத்தர் தங்கணும்."

முத்துச்செல்விக்கு வேலை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். பால்ராஜுக்கு ஆடு இருபது. எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"விருந்துக்குக் கூப்பிட்டவுகதானே கூட இருக்கணும்?" என்றார் பால்ராஜ்.

அப்படி மாட்டினேன் தம்பி. மூன்று மாசம். மூன்று வேளைச் சோறு, அரிசிச்சோறுகூட இல்லை, சர்க்கரைக்காரனுக்குத் தோதாகக் கேப்பைக்களி. நான் கேட்காமலே தினம் காலில் கட்டுப் போட்டார்கள். எப்படித் தெரிந்தது என்றால், ஜெபக்கனி எழுதிக் கொடுத்த காகிதத்தில் "உடன் வருபவருக்கு இடது காலில் புண், கவனிக்கவும்" என்று இருந்ததாம். என்றைக்காவது நொண்டியதைப் பார்த்திருப்பாள். அவசரத்தில் தப்பான காகிதத்தில் எழுதிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை வேலையைக் கெடுப்பானேன்?

தர்மராஜுக்கு நான் கப்பல் கதை சொல்வேன். ரங்கூன் கடலில் ஒரு திமிங்கிலம் எங்கள் கப்பல் சாம்பாருக்கு ஏங்கி நாலு நாள் பின்னாலேயே வந்ததைச் சொன்னபோது, அந்த மனுசன் சிரித்துச் சிரித்து இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் தானாகப் புரண்டுவிட்டார். அந்த மையத்துப் பிசியோ ஆறு வாரமாகச் சொல்லிக்கொடுத்தது. பேர் எனக்குத்தான்.

இப்போது அவர் வீட்டு வாசலில் கடை வைத்திருக்கிறார். பொன்மாரி ஒன்பதாம் வகுப்பு. அந்த நோட்டில் மிச்சப் பக்கத்தில் அல்ஜீப்ரா. நானும் வாரத்தில் நாலு நாள் அங்கேதான். அவர்களுக்கு ஒரு ஆள் துணை வேண்டாமா?

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. போன மாசம் பொன்மாரி ஆளானாள். சடங்கு வைக்கப் போகிறார்கள், தாய்மாமன் சீர் வேண்டும். பால்ராஜ் என்ன செய்தார் தெரியுமா? நல்லது செய்கிறேன் என்று பூனாவுக்குப் போன் போட்டு வெயிலுமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அவன் காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டான். ஒரு வருசம் ஆனதால் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று பார்க்க இன்றைக்கு வீட்டில் கூட்டம், ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். உண்மையான தாய்மாமன் உட்கார்ந்திருப்பான். எவன்டா என் ஒண்ணுவிட்ட அண்ணன் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? சிங்கத்துக்குக் கறி வெட்டியவன் என்றா?

இந்தாருங்கள், சடங்குப் பத்திரிகை. தங்கச்சி கொடுத்துவிட்டதாம், நேற்று ஆஸ்பத்திரியில் ஜெபக்கனி கொடுத்தாள். கண்ணாடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கண்ணாடி இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன், அது வேறே. நீங்கள் பாருங்கள். தாய்மாமன் என்று போட்ட இடத்தில் யார் பேர் இருக்கிறது?

வெயிலுமுத்து, பூனா. சரி. தெரிந்ததுதான். மடியுங்கள்.

என்னது? கீழேயா? கீழே இன்னொரு பேரா? ஆவுடையப்பன்? நல்லாப் பாருங்கள். தாய்மாமன் என்றுதான் இருக்கிறதா? அதற்குப் பக்கத்தில் என்ன? வாட்ச்மேன், தீப்பெட்டி ஆபீஸ், ஓய்வு...

வாட்ச்மேன் என்றா போட்டிருக்கிறது? கப்பல் இல்லையா?

இது யார் சொன்னது முத்துச்செல்விக்கு? நான் வாயே திறக்கவில்லையே. அச்சாபீஸ்காரன் தப்பு. வேற ஒரு ஆவுடையப்பனோடு குழப்பிவிட்டான். எத்தனை வாட்ச்மேன் இருக்கிறான் ஊரில்.

அது கிடக்கட்டும். வெயிலுமுத்து பேர் மேலே, என் பேர் கீழே, அப்படித்தானே சொன்னீர்கள்? நான் அவனைவிட மூத்தவன். முப்பது வருசம் மூத்தவன். மூன்று மாசம் கேப்பைக்களி தின்றவன் நான். அவன் முறுக்கு தின்றான். அவன் பேர் மேலே, என் பேர் கீழேயா? கண்டக்டர்! வண்டியை நிறுத்தும்! நான் வேப்பங்குளத்துக்குப் போகவில்லை. இந்த வீட்டு வாசலை இனி மிதித்தால் என் பேர் ஆவுடையப்பன் இல்லை. விடுங்கள் தம்பி, கையை விடுங்கள். எனக்குக் கோபம் எப்படி வருகிறது பாருங்கள், எப்படி வருகிறது...

என் போன்தான் அடிக்கிறது. தங்கச்சியாகத்தான் இருக்கும். நான் பேச மாட்டேன், நீங்களே பேசுங்கள். வரமாட்டார், கோபமாக இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

என்ன சொல்கிறாள்? கூட்டத்தை ஆரம்பிக்க விடமாட்டேன் என்கிறாரா பால்ராஜ்? ஏன், தாய்மாமன்தான் வந்தாச்சே!

என்னது? ஒன்பது நாற்காலி போட்டிருக்கிறார்களா? ஒன்று காலியாகக் கிடக்கிறதா?

...

அந்த டியூபை இப்படிக் கொடுங்கள். கண்டக்டர், ஒன்றுமில்லை, வண்டி போகட்டும், விலக்கில் இறங்கிக்கொள்கிறேன். தம்பி, போனை வைத்துவிடாதீர்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், நீங்களே கேட்பது மாதிரிக் கேளுங்கள். அந்த நாற்காலி காத்தாடிக்குக் கீழேதானா?